இட்லித் தட்டு மேல் லேப்டாப்

போன வியாழக்கிழமை மத்தியானம் என் லேப்டாப் சந்தன வாசம் விட்டுக்கொண்டே அணைந்துபோனது. லேப்டாப்புக்கும் சந்தனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன். முதலில் என் எரிச்சல் கொஞ்சம் தணியட்டும்.

ஒசூர் சிப்காட்டில் ஒரு லேத் பட்டறைக்கு, பன்னிரண்டு துளை போட்ட இரும்பு வளையம் ஒன்றின் வரைபடம் மூன்று மணிக்குள் போயாக வேண்டும். பதினோராவது துளையில் இருந்தபோது திரை கறுத்துவிட்டது. பட்டறைக்காரர் போனில், "மேடம், மிஷின்ல ஜாபை மாட்டிட்டு நிக்கறன். இன்னா பண்றீங்க?" என்கிறார். நான் என்ன பண்ணிக்கொண்டிருந்தேன்? இட்லித் தட்டைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

இந்த லேப்டாப்பில் வேலை பார்க்க ஒரு ஏற்பாடு இருக்கிறது. அடியில் காற்று போக இட்லித் தட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். எதிரே டேபிள் ஃபேன். கீல் உடைந்துபோனதால் திரை துவரம்பருப்பு டப்பாவின் மேல் சாய்ந்திருக்கும். பட்டனை அழுத்திவிட்டு, அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வந்தால் அப்போதுதான் கண் விழித்திருக்கும். ஒயரைப் பிடுங்கினால் அந்த நொடியே உயிர் போய்விடும். "அதுக்குப் பாக்கற பணிவிடையில பாதி எனக்குப் பாத்திருந்தா நான் நூறு வயசு இருப்பேன்" என்பது என் கணவரின் நிரந்தரப் புலம்பல்.

பட்டறைக்காரர் அன்று சாயங்காலமே வேறு ஆளிடம் போய்விட்டார். எட்டு வருட வாடிக்கை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பாகலூர் ரோட்டு ரிப்பேர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். நாலாவது முறை. "அக்கா, இதுக்கு ஃபேன் மாத்தினா ஸ்கிரீன் போவும். ஸ்கிரீன் மாத்தினா போர்டு போவும். பேட்டரி செஞ்சவன்கிட்டயே இல்ல. பெங்களூர் ஆபீசுங்கள்ல மூணு வருசம் ஓட்டிட்டுக் குடுத்த லேப்டாப்பு வந்துருக்குது. வெலையும் கம்மி, உங்க வேலைக்குத் தாராளம். எத்துனு போங்க." பேசிக்கொண்டே அடிமூடியைக் கழற்றினார். கடை முழுக்க அந்த வாசம். சல்லடைக் கம்பிகளின் இடுக்கில் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. "இது இன்னாக்கா?" என்றார். "சந்தனம்" என்றேன். அதற்கு மேல் அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

சூளகிரியில் நெடுஞ்சாலையை ஒட்டி, ஒரு லேத் பட்டறையின் மாடியில் எங்களுக்கு ஓர் அறை இருந்தது. எங்களுக்கு என்றால் எனக்கும் ஷமீமுக்கும். நான் கோவில்பட்டிக்காரி, அவள் காவேரிப்பட்டினத்துக்காரி. ஒரே தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் இருந்தோம். வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஆரம்பித்தபோது பாதிக்குப் பாதி போட்டு வாங்கியதுதான் இந்த லேப்டாப். பட்டறைக்காரர்கள் உடைந்த பாகத்தை எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொண்டுவருவார்கள். அவள் வெர்னியரை வைத்து அளவு சொல்வாள், நான் வரைவேன். மறுநாள் அவள் வரைவாள், நான் சொல்வேன். என் கோவில்பட்டிப் பேச்சைக் கேட்டு அவள் சிரிக்காத நாள் கிடையாது.

முதல் ஆயுத பூஜை வந்தது. கீழே லேத்துக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. ஷமீம் தட்டு நிறையப் பொரியோடு மேலே வந்து, "கீழ துருப்புடிச்ச சுத்தியலுக்குக்கூடப் பொட்டு வெச்சிருக்காங்க. நம்ம மிஷின் மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றாள். அப்படியே தயிர் வாங்க அவள் கடைக்குப் போன நேரத்தில் நான் காரியத்தை முடித்தேன். திரையில் வைத்தால் அழுக்காகும், சாவிகளில் வைத்தால் ஒட்டும். பக்கவாட்டில் ஜன்னல் கம்பி மாதிரி ஓரிடம் தோதாக இருந்தது. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, மூன்று விரலால் பட்டை இழுத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன். இரும்புக்கு வரைபடம் போடுகிறவளுக்கு அது சூட்டுக்காற்று வெளியேறும் வழி என்று தெரியவில்லை!

"அது மூச்சு வுடற எடம்டி. மூக்குல பஞ்சு வெச்சிட்டியே!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பல் துலக்கும் பிரஷால் இருவரும் சுரண்டினோம். உள்ளே போனது போனதுதான். அன்றிலிருந்து அதற்குக் காய்ச்சல்.

நாலு வருடம் ஓட்டினோம். ஒருநாள் ஷமீம் காலையிலிருந்து வரைந்ததைச் சேமிக்கும் முன்பே லேப்டாப் அணைந்துவிட்டது. அந்த வாரத்தில் மூன்றாவது முறை. "வெல கம்மியா ஒண்ணு வாங்கிரலாம். இது வேணாம்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மாற்றினால் கெடுத்தது நான்தான் என்றாகிவிடும் அல்லவா?

"ஓடுத வண்டியை எவளாவது நிறுத்துவாளா?" என்றேன்.

"எப்பதான் மாத்துவே? அதையாவது சொல்லு."

"அது நின்னா மாத்துவோம். ஒனக்கு அவசரம்னா நீ வாங்கிக்கோ."

அவள் வெர்னியரைத் துடைத்து மேசையில் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மறுநாள் வரவில்லை. பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக் கீழே பட்டறையில் சொன்னார்கள். அவள் கூப்பிடட்டும் என்று நான் இருந்தேன். நான் கூப்பிடுவேன் என்று அவள் இருந்திருப்பாள். ஆறு வருடம். அவளிடம் தோற்கக் கூடாது என்றுதான் இட்லித் தட்டும் பருப்பு டப்பாவும். முயலுக்கு மூன்றே கால்.

வியாழக்கிழமை அந்தக் கடையிலேயே வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பட்டனைத் தொட்டேன். உலை வைக்க எழுந்திருக்கும் முன்பே திறந்துகொண்டது. ஆறு வருடம் கழித்து ஷமீமின் எண்ணை அழுத்தினேன். எடுத்த சத்தம் கேட்டதும், மனசு மாறிவிடும் என்ற பயத்தில், "நீ சொன்னதுதான் சரி. மாத்திட்டேன்டி" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

 யார் வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டது ஓர் ஆண்குரல். "ஹலோ, யாரு பேக்கு நிமகெ?" நான் தட்டுத்தடுமாறி அவள் பெயரைச் சொன்னேன். பாவம், எனக்காகத் தமிழுக்கு வந்தார். "மேடம், இந்த நம்பர் நான் வாங்கி ரெண்டு வர்ஷ ஆச்சு. முன்னாடி யாரது தெரியாது."

சூளகிரி அறை இப்போது இல்லை. சாலையை அகலமாக்கியபோது கட்டடத்தையே இடித்துவிட்டார்கள். எண்ணெய்த் துணியில் சுற்றி யாரும் எதையும் கொண்டுவருவதில்லை, போனில் படம் அனுப்புகிறார்கள். காவேரிப்பட்டினத்தில் அவள் வீடு எந்தத் தெரு என்றுகூட நான் கேட்டுவைத்ததில்லை. புது லேப்டாப் சூடாவதில்லை, எந்த வாசமும் வருவதில்லை. பழையது ரெண்டு வருடத்துக்கு முன்பும் இதே மாதிரிதான் கத்திக்கொண்டு, அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது. அப்போதே மாற்றியிருக்கலாம்.