வலி வந்தால் உட்காரும் இடம்

முதலில் வலித்தது இடது கெண்டைக்கால். வெள்ளவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கி, நான் வேலை செய்யும் சைவக் கடைக்குக் காலி வீதியால் நடக்கிற அந்தச் சிறு தூரத்தில், ஈரத் துணியைப் பிழிவது போல் சதை முறுக்கியது. நின்றேன். இரண்டு நிமிடத்தில் வலி போய்விட்டது. நடந்தேன். அதே அளவு தூரத்தில் மறுபடி வந்தது.

இருபத்திரண்டு வருடமாகத் தோசைக்கல்லின் முன்னால் நிற்கிறவன் நான். கால் வலி எனக்குப் புதிதல்ல. ஆனால் அது நிற்பதால் வரும் வலி. இது நடந்தால் வந்தது, நின்றால் போனது. உங்களுக்கும் இப்படி இருந்தால் தைலம் பூசிக்கொண்டு ஒரு வருடத்தைக் கடத்தாதீர்கள். நான் கடத்தினேன்.

காரணம் கூச்சம். தெருவில் சும்மா நின்றால் யாராவது என்னவென்று கேட்பார்கள். அதனால் வலி வரும்போது ஒரு புடவைக் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று உள்ளே பார்ப்பது போல் பாவனை செய்தேன். வலி வரும் தூரம் மாறாததால் நிற்கும் கடையும் மாறவில்லை. அது கூறைச் சேலைகள் வைத்திருக்கும் கண்ணாடி. ஐம்பது வயதாகியும் கல்யாணம் செய்யாத ஒருவன் தினமும் கூறைச் சேலை பார்த்தால் வெள்ளவத்தை சும்மா இருக்குமா? கிருலப்பனையில் இருக்கும் அக்காவுக்குச் செய்தி போய்விட்டது.

“ஆரடா தம்பி அந்தப் பொம்பிளை? எனக்கெண்டாலும் சொல்லன்.”

அக்காவின் குரலில் அவ்வளவு சந்தோஷம். அது கால் வலி என்று சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

அதற்கிடையில் கொதி எண்ணெய் தெறித்து இடது கால் விரலில் சுட்டது. சின்னக் கொப்புளம்தான். அது ஆற இரண்டு மாதம் எடுத்தது. அக்கா என்னைக் களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு இளம் தமிழ் டாக்டர் என் பாதத்தில் விரல் வைத்து வெகுநேரம் நாடி தேடினார். பிறகு கையிலும் கணுக்காலிலும் பட்டி கட்டி இரத்த அழுத்தத்தை ஒப்பிட்டார். எனக்கு இருப்பது புற நாடி நோய் (காலுக்கு இரத்தம் கொண்டு போகும் குழாயில் கொழுப்புப் படிந்து வழி சுருங்குவது) என்றார். சிகரெட் எத்தனை என்று கேட்டார். அக்கா பக்கத்தில் இருந்ததால் பாதியைத்தான் சொன்னேன்.

மாத்திரை தந்தார். சிகரெட்டை அன்றோடு விடச் சொன்னார். முக்கியமான மருந்து நடைதான் என்றார். வலி வரும் வரை நடக்க வேண்டும். வந்ததும் உட்கார வேண்டும். போனதும் எழுந்து மறுபடி நடக்க வேண்டும். அப்படி நடந்தால் பக்கத்துச் சிறு குழாய்கள் விரிந்து இரத்தத்துக்கு வேறு வழி கிடைக்கும். மூன்று மாதத்தில் தூரம் கூடாவிட்டால் காலைத் திறந்து சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வரும். இன்னொரு புண் வந்து ஆறாமல் போனால் விரல் போகலாம்.

நின்று வேலை செய்கிறவனுக்குக் கால் போனால் என்ன மிஞ்சும் என்று நான் கேட்கவில்லை.

தெரிந்த முகங்கள் இல்லாத இடமாக அக்கா ஒன்று சொன்னார். கோட்டே பக்கம், சதுப்பு நிலத்தைச் சுற்றி நடைபாதை போட்ட பூங்கா. கடையில் மத்தியானம் எனக்கு மூன்று மணிநேரம் ஓய்வு. பஸ் மாறிப் போனேன். மேடு பள்ளமில்லாத பாதை. தண்ணீரில் கொக்குகள். சற்றுத் தூரத்துக்கு ஒரு வாங்கு, உட்கார வசதியாக. ஒவ்வொரு வாங்கிலும் விரித்த ஒரு குடை, குடைக்குப் பின்னால் ஒரு சோடி.

எங்கே உட்காருவது? வலியோடு நின்றால் எட்டிப் பார்க்கிறேன் என்று நினைப்பார்கள். முதல் வாங்கைத் தாண்டியதும் திரும்பி, வாசலில் இருந்த காவலாளியின் கொட்டிலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்துவிட்டு பஸ் ஏறினேன். ஒரு மாதம் அப்படியே போனது. கிளினிக்கில், தினமும் நடக்கிறேன் என்றேன். டாக்டர் என்னை வெளி விறாந்தையில் நடக்கவிட்டு, வலி வரும் தூரத்தை அளந்து பார்த்தார்.

“ஐயா, பொய் சொன்னால் எனக்கு ஒண்டும் வராது. கால் உங்கட கால்.”

அன்று பூங்காவுக்குப் போகும் வழியெல்லாம், இங்கே கொஞ்சம் உட்காரலாமா என்ற ஒரே வசனத்தைச் சிங்களத்தில் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். நான்காவது வாங்கருகில் வலி வந்தது. அங்கே ஒரு கறுப்புக் குடை. வாயைத் திறந்தபோது பயத்தில் குரல் அதட்டலாக வந்துவிட்டது. குடை சட்டென்று மடங்கியது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கழுத்தில் டையோடு, எழுந்து நின்றார்.

“சொறி அங்கிள், அபி யன்னம்” என்றார். மன்னியுங்கள், நாங்கள் போகிறோம் என்று.

என்னைப் பூங்கா அதிகாரி என்று நினைத்துவிட்டார். போக வேண்டாம், எனக்குக் கால் வலி, இரண்டு நிமிடம் இருந்தால் போதும் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். கூட இருந்த பெண் சிரித்துவிட்டாள். நகர்ந்து இடம் விட்டாள். மூவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். வலி போனதும் எழுந்தேன். அடுத்த முறை ஆன்ட்டியையும் கூட்டி வாருங்கள், தனியாக நடந்தால் கால் வலிக்கத்தான் செய்யும் என்றாள் அவள். சரி என்றேன்.

அதன் பிறகு கேட்பது சுலபமாயிற்று. வெவ்வேறு குடைகள் எனக்கு நகர்ந்து இடம் விட்டன. வியாழக்கிழமைகளில் அந்தக் கறுப்புக் குடை இருக்கும். அவள் கால் எப்படி என்று கேட்பாள். ஒரு நாள் மாங்காய்த் துண்டு தந்தாள். ஒரு சுற்றுக்கு ஆறு முறை உட்கார்ந்தவன் நாலுக்கு வந்தேன், பிறகு இரண்டுக்கு.

மூன்றாம் மாத முடிவில் டாக்டர் சத்திரசிகிச்சை இப்போது தேவையில்லை என்றார். அடைப்பு அப்படியே இருக்கிறது, உடம்பு அதைச் சுற்றிப் போகப் பழகிவிட்டது, நடையை விடக் கூடாது என்றார்.

அடுத்த வியாழன் நடந்துகொண்டிருந்தேன். தூரத்தில் என்னைக் கண்டதும் அந்தப் பெண் நகர்ந்து வாங்கில் இடம் விட்டாள். காலைக் கவனித்தேன். வலிக்கவில்லை. காரணமில்லாமல் ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. கையைக் காட்டிவிட்டுக் கடந்து போனேன்.

முன்பு அந்தச் சுற்றுக்கு ஒன்றேகால் மணிநேரம் எடுத்தது. இப்போது முப்பத்தைந்து நிமிடம். மிச்ச நாற்பது நிமிடத்தை என்ன செய்வது என்று டாக்டர் சொல்லவில்லை. வாசல் வரை வந்து, பஸ்ஸுக்குப் போகாமல், இன்னொரு சுற்றுத் தொடங்குகிறேன்.