இரண்டாம் கழுகின் மணி

சமையலறைக் குழாய் மூன்று நாளாகச் சொட்டிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை காலை அப்பா ஸ்பேனரோடு உட்கார்ந்தார். மகள் மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டியின் வால்வை மூடிவிட்டுக் குழாயை இரண்டு தட்டுத் தட்டினாள். கீழிருந்து இரண்டு தட்டு பதில் வந்தது. கப்பலின் எஞ்சின் அறை இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. இருபத்திரண்டு வருடம் அவர் இப்படித்தான் பேசினார். வீட்டுக்கும் அதே பாஷையைக் கொண்டுவந்துவிட்டார்.

அவள் இறங்கி வந்தபோது தேய்ந்த வாஷரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊர்ல இருக்கிற பிரஷர் கேஜையெல்லாம் சரி பாக்குற என் பொண்ணு வீட்டுக் குழாய் ஒழுகுது. வெளிய சொல்லிடாதே."

"எஞ்சின் ரூம்காரர் வீட்டுக் குழாய்னு சொன்னா இன்னும் கேவலம்பா."

"வாய் மட்டும் குறைச்சலில்ல. திங்கக்கிழமை என்னைக் கப்பல்துறைல கொண்டுபோய் விடணும். ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்குப்பா. எத்தனை தடவை சொல்லுவீங்க?"

கடற்படையில் செங்கழுகு என்ற பெயரில் மூன்று கப்பல்கள். முதலாவது போரில் மூழ்கியது. அதற்குச் சிலையும் பாடத்தில் ஒரு பக்கமும் உண்டு. மூன்றாவது இப்போதுதான் கட்டி முடிந்து, அடுத்த மாதம் கொடியேற்றத்துக்குக் காத்து நிற்கிறது. நடுவில் ஒன்று முப்பது வருடம் ஓடியது. தண்ணீர் சுமந்தது, பழுதான கப்பல்களை இழுத்து வந்தது, ஒரு குண்டுகூடச் சுடவில்லை. கழுகு தேய்ந்து கட்டெறும்பான கதை என்று மற்றக் கப்பல்காரர்கள் சிரிப்பார்கள். அந்தக் கட்டெறும்புதான் அப்பாவின் கப்பல்.

அதன் மணி ஒருநாள் விரிசல் விட்டது. புது மணி கேட்டு இரண்டு வருடம் எழுதியும் ஸ்டோர் அசையவில்லை. கப்பல் பழுதுபார்ப்புக்கு நின்றபோது எஞ்சின் அறைக்காரர்கள் பழைய வெண்கல வால்வுகளை உருக்கித் தாங்களே ஒரு மணி வார்த்தார்கள். சத்தம் பானையைத் தட்டியது போலிருந்தது. ஆனாலும் அவர்களுடைய மணி.

மறுவருடம் நீராவிக் குழாய் வெடித்தது. 'ஒட்டகம்' என்ற நெட்டையனும் 'தூங்குமூஞ்சி' என்ற, எஞ்சினுக்கு எண்ணெய் போடுபவரும் போய்ச் சேர்ந்தார்கள். போரில் சாகாதவர்களுக்குக் கல்வெட்டு கிடையாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. அப்பா எழுத்துப் பொறிக்கும் எஃகு அச்சுகளை எடுத்து, மணியின் உள்விளிம்பில் இரண்டு பெயர்களையும் அடித்தார். வேறு எங்கும் அந்தப் பெயர்கள் இல்லை.

போன வாரம் கப்பல்துறைக் கண்காட்சியில் அந்த மணியைப் பார்த்தார். 'முதல் செங்கழுகின் மணி' என்று பலகை இருந்தது. குனிந்து, உள்ளே கைவிட்டு, விளிம்பை விரலால் தடவினார். விழா அதிகாரி ஓடி வந்தார்.

"ஐயா, தொடாதீங்க. ரொம்பப் பழசு."

"பழசென்ன பழசு. நான் வார்த்தது."

"இல்லைங்க, முதல் கப்பலோடது. கிடங்குப் பதிவேட்டுல 'செங்கழுகு, மணி, பழையது'ன்னு இருக்கு."

"அந்தக் கப்பல் மூழ்கும்போது மணியைக் கழட்டி எடுத்துக்கிட்டு நீந்தி வந்தது யாரு? உங்க தாத்தாவா?"

அதிகாரி கோபப்படவில்லை, கோபப்படும் அளவுக்குக்கூட அவருக்கு அது பெரிய விஷயமில்லை. "புதுக் கப்பல்ல தொங்கப்போகுது. உள்ளே ஏதோ கீறல் இருக்கு, செவ்வாய்க்கிழமை தேய்ச்சு மெருகு போட்டுடுவோம்" என்றார்.

"அது கீறல் இல்ல தம்பி. ரெண்டு ஆளு."

"ஆதாரம் இருந்தா திங்கக்கிழமை கொண்டாங்க, நிறுத்திடறேன்."

ஆதாரம் இருந்தது. அவருடைய 'ம' அச்சில் ஒரு முனை உடைந்திருக்கும். மணியில் வரும் ஒவ்வொரு 'ம'விலும் அதே உடைசல் விழுந்திருக்கும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணில்லாதவனும் ஒப்புக்கொள்வான். வாசல் அனுமதிச் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை, செய்தித்தாள் மடியில் இருக்க, நாற்காலியிலேயே போய்விட்டார். இதயம், என்றார் மருத்துவர்.

வீடு நிறைய ஆட்கள். திங்கள் வந்தது, போனது. எத்தனை தடவை சொல்லுவீங்க என்று கேட்டவளுக்கு அது புதன்கிழமை மாலை, துவைக்கப்போட்ட சட்டையின் பையில் அந்த அனுமதிச் சீட்டு கையில் பட்டபோதுதான் ஞாபகம் வந்தது. உடனே அதிகாரிக்குப் போன் செய்தாள்.

"அடடா, அப்பா தவறிட்டாங்களா? நல்ல மனுஷர்மா. திங்கக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பார்த்தேன். வரலைன்னதும், சும்மா சொல்லியிருப்பார்னு நெனச்சேன்."

"மணி?"

"நேத்தே முடிஞ்சுதும்மா. உள்ளேயும் வெளியேயும் கண்ணாடி மாதிரி இருக்கு. விழாவுக்குக் கண்டிப்பா வாங்க, பின்வரிசையில உங்களுக்கு இடம் போடச் சொல்றேன்."

அவள் போனை வைத்தாள். உள்ளே குழாய் சொட்டவில்லை. வேலை சுத்தமாக முடிந்திருந்தது.

காலணி அடுக்கின் மேல் ஒரு தகரப்பெட்டி இருந்தது. சனிக்கிழமை மத்தியானமே எடுத்து வைத்திருக்கிறார். திறந்தாள். அச்சுகள் வரிசையாக, துரு துடைத்து எண்ணெய் பூசி இருந்தன. 'ம' மட்டும் தனியாக ஒரு துணியில். வழியில் உருண்டு தொலைந்துவிடக் கூடாதே என்று, துணியை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார்.