அண்ணன் திருப்ப, நான் மிதிக்க

தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல் ஒரு சத்தம், எங்கள் கம்ப்யூட்டரில் பழுதாகாமல் மிஞ்சிய ஒற்றை ஸ்பீக்கரிலிருந்து மதியமெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒட்டி ஒட்டிக் கட்டிய ‘லைன் வீட்டில்’ குடியிருந்தோம். நான் எட்டாம் வகுப்பு. ஐ.டி.ஐ. முடித்த அண்ணன் டிராயிங் பழகட்டும் என்று அப்பா வாங்கிப்போட்ட பழைய கம்ப்யூட்டரில் அவன் பழகியது கார் பந்தய விளையாட்டுதான். புதுப்புதுக் கார்கள் எத்தனையோ இருந்தும், நீண்ட மூக்கும் உருண்டை விளக்குகளுமாய் இருந்த அந்தக் காலத்து வெள்ளை ஜப்பான் கார் ஒன்றையே எடுப்பான். வளைவில் கொஞ்சம் அவசரப்பட்டாலும் பின்பக்கம் இழுத்துக்கொண்டுபோய்ச் சுழன்றுவிடும் வண்டி அது.

கோவில்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்த அப்பா, தெரிந்தவரிடம் சொல்லி அண்ணனை ஒரு சின்னக் கம்பெனியின் ‘பிரஸ் ஷாப்’பில் சேர்த்துவிட்டார். இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் மெஷின். ஒருநாள் தகட்டோடு சேர்ந்து அண்ணனின் வலதுகையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் வாசலுக்குக்கூட வரவில்லை. கையைத் துண்டால் மூடிக்கொண்டு, பழகாத இடதுகையால் காரை ஓட்டிப் பார்ப்பான். முதல் வளைவிலேயே சுவரில் முட்டும். மறுபடியும் ஓட்டுவான், மறுபடியும் முட்டும். “கேக்கவே முடியலடா, நிறுத்து” என்று அம்மா அடுப்படியிலிருந்து அழுவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னை ஒரு சாயங்காலம், திரும்பிப் பார்க்காமலே கூப்பிட்டான். “ஏ புள்ள, இங்க வா. நீ மிதி, நான் திருப்புறேன்.”

ஆக்சிலேட்டருக்கு ஒரு பட்டன், பிரேக்குக்கு ஒரு பட்டன் எனக்கு. “விடு... விடு... இப்ப மிதி!” என்பான். கொஞ்ச நாளில், அவன் மூச்சை இழுத்துப் பிடிப்பதைக் கேட்டே விரலை எடுக்கக் கற்றுக்கொண்டேன். கார் சுவரில் முட்டுவது நின்றது. மற்றபடி அவன் யாரிடமும் பேசவில்லை.

கம்பெனியிலிருந்து ஆள் வந்தது, திரும்ப வரச்சொல்லி, அதே மெஷினுக்கு. “வீட்டுக்குள்ளயே கெடந்தா மனசு கெட்டுப்போயிரும்யா, போய்ப் பாரு” என்றார் அப்பா. ஒரு சனிக்கிழமை காலையில் போனவன் மதியத்துக்குள் திரும்பிவிட்டான். “அந்தச் சத்தம் கேட்டதும் காலு நகர மாட்டேங்குதுப்பா” என்றான்.

அண்ணன் கம்ப்யூட்டரைப் போட்டு என்னைப் பார்த்தான். உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக அப்பா எங்கள் பின்னால் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். நாங்கள் எல்லாக் கார்களையும் முந்திப் போய்க்கொண்டிருந்தோம்.

“மெதுவாப் போக முடியாதாய்யா இதுல?”

அப்பாதான் கேட்டார். அண்ணன் திரும்பவில்லை. “விடு” என்றான் என்னிடம், தாழ்ந்த குரலில். விட்டேன். பின்னால் வந்தவை ஒவ்வொன்றாய்க் கடந்துபோயின. அதுவரை கண்ணில் படாத மரங்களும் வேலிகளும் தெரிய, வெள்ளைக் கார் தனியாக உருண்டு கடைசியாய் வந்து சேர்ந்தது.

“அங்க இனிமே போக வேண்டாம்” என்றார் அப்பா.

அண்ணன் இப்போது சூளகிரிப் பக்கம் ஒரு கிடங்கில் சரக்குப் பார்க்கிறான். லைன் வீட்டை இடித்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் காயலான் கடைக்குப் போயிற்று. அந்த வேலையில் சேர்த்துவிட்டது தான்தானே என்று அப்பா ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அண்ணனும் சொல்லிக்காட்டியதில்லை. என்றைக்காவது பேசிக்கொள்வார்கள் என்றிருந்தேன். போன வருடம் அப்பா போய்விட்டார்.