போடிமெட்டுச் சாவடியில் பேர் சொல்லாத பொட்டலம்

இனியா பிறந்த பிறகு நான் போன முதல் பயணம் இது. அவளுக்கு இரண்டு வயது முடிந்து ஒரு மாதம். ஐப்பசி முதல் வாரத்தில், மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயிலில் போய், அங்கிருந்து ஜீப்பில் போடிமெட்டு ஏறி, பூப்பாறை பக்கம் ஒரு ஏலத்தோட்ட வீட்டில் இரண்டு இரவு தங்கி வந்தோம். கணவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. "பிள்ளையத் தூக்கிக்கிட்டு நீ ஒருத்தியா மலையேறணுமாக்கும்" என்று அம்மா போனில் கேட்டார். எனக்கே பயம்தான். ஆனால் அந்த வாரம் நான் வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரே ஒரு பத்தியை எழுதமுடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன்.

அது என்ன பத்தி என்று சொல்லிவிடுகிறேன். நான் வேதியியல் படித்தவள். பிள்ளை பிறந்த பிறகு வீட்டிலிருந்தபடியே ஒரு சிறிய ஆய்வுக் குழுவுக்கு எழுதிக் கொடுக்கிறேன். போதைப்பொருள் சட்டத்தில் என்ன மாற்றலாம் என்று அவர்கள் ஒரு பரிந்துரை தயாரிக்கிறார்கள். அதில் என் பங்கு, "புதுவகைப் போதைப்பொருள் என்றால் என்ன?" என்ற கேள்விக்கு ஒரு வரையறை. சாவடியில் நிற்கும் காவலருக்கும் புரிய வேண்டும், நீதிமன்றத்திலும் நிற்க வேண்டும். திங்கட்கிழமை அனுப்ப வேண்டும்.

சொல்வதற்கு எளிது. பெயர் சொல்லித் தடை செய்தால், தயாரிப்பவர்கள் மூலக்கூறின் ஓர் ஓரத்தை மட்டும் மாற்றிப் புதுப் பெயரில் கடைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். குடும்பம் குடும்பமாகத் தடை செய்தால், அதே குடும்பத்தில் பிறந்த நல்ல மருந்துகளும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். மூன்றாவது வழி, பொருள் என்ன செய்கிறது என்று மட்டும் பார்ப்பது. மனத்தை மயக்கினாலோ, கிளப்பினாலோ, தூங்கவைத்தாலோ அது போதைப்பொருள். உணவு, காப்பி, மருத்துவர் எழுதித் தரும் மருந்து போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. எனக்குப் பிடித்தது இந்த மூன்றாவதுதான். இனியா நாளை பள்ளிக்கூடம், கல்லூரி என்று போவாளே, அந்த வாசலில் எவனாவது எதையாவது விற்றால்? வலையில் ஓட்டையே இருக்கக் கூடாது என்று நினைத்தேன். அந்த வரைவை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் ரயில் ஏறினேன்.

மதுரையில் காலை எட்டேகாலுக்கு மேல் கிளம்பும் ரயில், தொண்ணூறு கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம். நான் கொடுத்தது நாற்பத்தைந்து ரூபாய். ஆண்டிபட்டி தாண்டியதும் இடது பக்க ஜன்னலில் மலை கூடவே வரத் தொடங்கியது. நீலமாக, யாரோ துணி காயப்போட்டு மறந்த மாதிரி. இனியா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அதற்குக் கையாட்டினாள். நான் அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். சூடு இல்லை. இருந்தாலும் தெர்மாமீட்டர் எடுத்துவைத்திருந்தேன், இரண்டு.

போடியில் இறங்கினால் முதலில் வருவது வாசம்தான். தெருவில் நடக்கிறோமா, பாயசத்துக்குள் நடக்கிறோமா என்று தெரியாது. ஏலக்காய் சேமிக்கும் ஒரு கிட்டங்கியின் வாசலில் நின்று பார்த்தேன். உள்ளே பத்துப் பதினைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரிது ஒரு பக்கம், வெளிறியது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். கை தன்பாட்டுக்கு ஓட, வாய் பக்கத்தில் இருப்பவரின் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அந்தப் பச்சைக் குவியல்களைப் பார்த்துக்கொண்டே நின்றதில் எனக்கும் லேசாகக் கண் சொருகியது. என் வரைவின்படி இந்த ஊரையே தடை செய்ய வேண்டியிருக்குமோ என்று சிரித்துக்கொண்டேன். அப்போது அது வெறும் சிரிப்புத்தான்.

பூப்பாறைக்கு பஸ் இருக்கிறது. ஆனால் குழந்தை வாந்தி எடுத்தால் நிறுத்தச் சொல்ல வசதியாக இருக்குமே என்று ஷேர் ஜீப் பிடித்தேன். தலைக்கு நூற்றைம்பது ரூபாய், குழந்தைக்கு இல்லை. ஓட்டுநர் பாண்டி அண்ணன். முன் இருக்கையில் நானும் இனியாவும். ஓரத்தில் ஈஸ்வரி அக்கா. நாற்பது வயது இருக்கும். தோட்டத்தில் பழம் எடுக்கிற வேலை, ஏலக்காயை அங்கே பழம் என்றுதான் சொல்கிறார்கள். தங்கைக்குத் தோட்டத்து லயத்திலேயே, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையிலேயே, குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள் ஆகிறதாம். தங்கையின் கணவர் லோடு ஏற்றிக்கொண்டு கொச்சிக்குப் போயிருக்கிறார். பகலில் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பெண் பொழுது சாய்ந்ததும் ராத்திரி வேலைக்கு, ஏலம் காயவைக்கும் ஸ்டோருக்குப் போய்விடுவாள். அப்புறம் பச்சை உடம்புக்காரி தனியாக இருப்பாள்.

"இருட்டுறதுக்குள்ள வந்துருவேன்னு சொல்லிட்டு வந்துருக்கேன். வெரசா எடு அப்பு" என்று பாண்டி அண்ணனிடம் இரண்டு தடவை சொன்னார்.

வேறு ஆள் வரட்டும் என்று காத்திருந்து, யாரும் வராமல் மூன்றரைக்குத்தான் கிளம்பினோம். முந்தல் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பம். மொத்தம் பதினேழு கொண்டை ஊசி. போடியிலிருந்து மெட்டு வரை இருபத்தாறு கிலோமீட்டர். ஒவ்வொரு வளைவிலும் போடி ஊர் கொஞ்சம் சின்னதாகி, கடைசியில் யாரோ சிந்திய அரிசி போலத் தெரிந்தது. ஐந்தாவது வளைவில் இனியா அழ ஆரம்பித்தாள். காது அடைத்திருக்கும். நான் தண்ணீர் பாட்டிலைத் தேடினேன்.

ஈஸ்வரி அக்கா மஞ்சள் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். "சுட்ட வசம்பு. தங்கச்சி பிள்ளைக்கு இடிச்சுக் கொண்டுபோறேன். நாக்குல ஒரு பொட்டு வைப்பமா? அழுகை நின்னுரும்."

"ஐயோ, வேணாம்க்கா! நாக்குல வைக்கக் கூடாதுன்னு எங்க டாக்டர் கண்டிச்சுச் சொல்லியிருக்காரு."

"ஆத்தாடி, என்னா பயம்! அப்பக் கையிலயாவது கட்டு" என்று சிரித்துக்கொண்டே பையைத் துழாவி ஒரு குட்டி வளையலைக் காட்டினார். வசம்புத் துண்டுகளைக் கோத்து, நடுவே இரண்டு கறுப்பு மணி. என் கட்டைவிரல்தான் அதற்குள் நுழையும். இனியா அதைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினாள்.

"இது பாப்பாவுக்குச் சேராது. இது குட்டிப் பாப்பாவுக்கு" என்று அக்கா சொல்ல, இனியா ஒரு நீதிபதி மாதிரி யோசித்துவிட்டு அவர் மடிக்கு மாறிக்கொண்டாள். பத்து நிமிடத்தில் தூங்கிப்போனாள். மூச்சு வருகிறதா என்று நான் பார்த்ததைப் பாண்டி அண்ணன் கவனித்துவிட்டார்.

"பிள்ள தூங்குனாலும் பயம், முழிச்சாலும் பயம். ஒங்களுக்கு நடுவுல ஏதாச்சும் வேணும்க்கா" என்றார்.

பதினோராவது வளைவில் டயர் பஞ்சர். மாற்றவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது; அதற்குள் மேகம் இறங்கிவிட்டது. முதலில் பள்ளத்தாக்கு போனது, பிறகு எதிர்ப்பக்கப் பாறை, பிறகு சாலையின் ஓரம். கடைசியில் நாங்களும் ஜீப்பும் மட்டும் ஒரு பால் கிண்ணத்தில் மிதந்துகொண்டிருந்தோம். எங்கோ அருவிச் சத்தம். எந்தத் திசை என்று சொல்ல முடியவில்லை. பயப்பட வேண்டிய நேரம்தான், ஆனால் அந்தக் கால் மணி நேரம் எனக்கு எந்தப் பயமும் நினைவுக்கு வரவில்லை. பயப்படுவதற்கு எதுவும் கண்ணில் தெரிய வேண்டுமே.

மேகத்துக்குள் ஊர்ந்து, கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டுச் சோதனைச் சாவடிக்கு வரும்போது ஆறரை. டீக்கடையில் சாமி படத்துக்கு விளக்கு ஏற்றிவிட்டார்கள். ஒரு மலையாள அதிகாரி டார்ச்சுடன் வந்து, ஒவ்வொரு பையாக மரியாதையாகத்தான் பார்த்தார். மஞ்சள் பையின் மேலேயே பொட்டலம் இருந்தது. பிரித்தார். கருஞ்சாம்பல் நிறப் பொடி.

"எந்தா இது?"

ஈஸ்வரி அக்கா தோளில் தூங்கும் இனியாவை இறுக்கிக்கொண்டார். "அது... பேர் சொல்லாததுங்க சார்."

"பேர் சொல்லாததோ? எல்லாத்துக்கும் ஒரு பேர் உண்டல்லோ."

"விளக்கு வச்சாச்சு சார். இனிமே பேர் சொல்லக் கூடாது."

தமிழ்நாட்டு வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். பொழுது சாய்ந்துவிட்டால் அந்த வேரின் பெயரை உச்சரிக்கமாட்டார்கள்; பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். பேர் சொல்லாதது என்றாலே கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார். ஆனால் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரருக்கு அது எப்படித் தெரியும்? விரலில் தொட்டு மோந்து பார்த்தார். நாள் முழுக்க ஏல வண்டிகளுக்கு நடுவே நின்ற மூக்கு. "இங்ஙனெ நின்னால் எல்லாம் ஏலக்காய் மணம்தான்" என்று தலையை ஆட்டினார். "சரி, இது எந்து செய்யும்?"

அக்கா நல்லதைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "அழுகாது சார். சத்தமே இல்லாமத் தூங்கும்" என்றார்.

கைப்பையில் இருந்த என் வரைவின் சொற்கள்தான் இவை. மனத்தை மயக்கும், தூங்கவைக்கும். உணவு இல்லை, மருத்துவர் எழுதித் தந்ததும் இல்லை. ஓட்டையே இல்லாத என் வலையில் முதலில் விழுந்தது இந்த அக்கா.

அதிகாரிக்குக் கோபமில்லை, சலிப்பாக இருந்தார். போன மாதம் ஒரு கல்லூரிப் பையனிடம் "அறை வாசனைப் பொடி" என்று அச்சடித்த பாக்கெட் பிடிபட்டதாம். பையன் சாலையோரம் விழுந்து கிடந்திருக்கிறான். சோதனைக்கு அனுப்பினால், இந்தப் பெயர் தடைப் பட்டியலில் இல்லை என்று வந்தது. "என்றெ கையால திருப்பிக் கொடுத்தேன். அவன் சிரிச்சிட்டு வாங்கிப் போனான். அதினால இப்போ பேர் தெரியாத பொடி எதுவும் நான் விடுறதில்லை. இவர் இங்கே இருக்கட்டும். பெரிய சார் வந்து பார்க்கட்டும்."

"எப்ப வருவாரு?" என்றார் பாண்டி அண்ணன்.

"ராத்திரி. இல்லெங்கில் காலை."

ஈஸ்வரி அக்கா அழவில்லை. மூடுபனியில் சாலை இருந்த திசையையே பார்த்தார். "பக்கத்து வீட்டுக்காரி இந்நேரம் கிளம்பியிருப்பா. தங்கச்சி ஒத்தையில கெடப்பாளே" என்றார். தூங்கும் என் பிள்ளை இன்னும் அவர் தோளில்தான் இருந்தாள்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்கள் படிச்ச ஆளல்லே? நீங்கள் பறயூ, சொல்லுங்கள்."

ஒரு சொல். மூன்று எழுத்து, மெய்யும் சேர்த்தால் நான்கு. அதன் தாவரவியல் பெயரும், உள்ளிருக்கும் வேதிப்பொருளும்கூட எனக்குத் தெரியும்; அவற்றைச் சொன்னால் அவருக்கு இன்னும் இரண்டு தெரியாத பெயர்கள்தான். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் இனியா டார்ச் வெளிச்சத்தில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். என் நாக்கு எழவில்லை. பாண்டி அண்ணனைப் பார்த்தேன்; இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன், அவரும் டயரைக் குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. "அக்கா, அந்த வளையலக் காட்டுங்க."

அக்கா ஒரு கையால் பையைத் துழாவி அதை எடுத்து நீட்டினார். அதிகாரி டார்ச்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அவருடைய கட்டைவிரலும் அதற்குள் பாதிதான் நுழைந்தது. முகம் மெல்ல இளகியது.

"ஓ! வயம்பு! என்றெ மகளுக்கும் கட்டியிருக்கு. இந்தப் பொடி இதை இடிச்சதா? இது முதல்லயே பறயக்கூடாதா?"

அக்கா பதறி இனியாவின் காதைப் பொத்தினார். பிறகு யோசித்து, "அது மலையாளத்துலதான சொன்னாரு. பாதகமில்ல" என்று கையை எடுத்துவிட்டார். பாண்டி அண்ணன் அடக்கமுடியாமல் சிரித்தார். "வாங்க அத்தாச்சி, ஏறுங்க. நீங்க பேரச் சொல்றதுக்குள்ள விடிஞ்சுரும்."

மெட்டைத் தாண்டி ஏழு கிலோமீட்டரில் லயம். மேகத்துக்குள் வரிசையாக மஞ்சள் ஜன்னல்கள், தரையில் ஒட்டாமல் மிதப்பவை போல. கடைசி வீட்டு வாசலில் தங்கை துணிமூட்டை மாதிரி ஒரு குழந்தையை நெஞ்சோடு அணைத்து நின்றிருந்தாள். ஈஸ்வரி அக்கா இனியாவை என்னிடம் மாற்றிக் கொடுத்துவிட்டு இறங்கினார்.

"அக்கா, நாக்குல மட்டும் வேணாம்க்கா. கையில கட்டுனாப் போதும். அதையும் அது வாயில வைக்காமப் பாத்துக்கங்க" என்றேன்.

"நர்சம்மாவும் அதத்தான் சொல்லுது. சரித்தா, ஒனக்காகக் கையில மட்டும்" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

மறுநாள் முழுவதும் தோட்ட வீட்டின் முன்னால் ஏலச்செடிகளுக்கு நடுவே மேகம் வருவதும் போவதுமாக இருந்தது. இனியா அதைப் பிடிக்க ஓடினாள். நான் என் பத்தியை அடித்துத் திருத்தினேன். அந்தப் பையனிடம் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்த கையையும் மறக்க முடியவில்லை, வளையலுக்குள் நுழையாத கட்டைவிரலையும் மறக்க முடியவில்லை. என்ன செய்கிறது என்ற கேள்வியை வைத்துக்கொண்டேன். அதோடு, யார், யாருக்காக, எதற்காக வைத்திருக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும் என்று சேர்த்தேன். காலங்காலமாக வீட்டில் புழங்கும் பொருட்களுக்குத் தனி இடம் கொடுத்தேன். சந்தேகம் இருந்தால் பொருளை நிறுத்துங்கள், ஆளை வீட்டுக்கு விடுங்கள் என்றும் எழுதினேன். ஓட்டை இருக்கும்தான். ஓட்டையே இல்லாவிட்டால் அது வலை இல்லை, சாக்கு.

குழந்தையோடு போக நினைப்பவர்களுக்கு: மதியம் இரண்டு மணிக்குள் போடியை விட்டுக் கிளம்பிவிடுங்கள், நான்கு மணிக்கு மேல் மேகம் எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மெட்டில் குளிர் அதிகம், காதுக்குக் குல்லாய் அவசியம். வளைவில் ஏறும்போது பிள்ளைக்குக் குடிக்க ஏதாவது கொடுத்துக்கொண்டே இருந்தால் காது அடைக்காது. சாவடியில் பையைத் திறந்து காட்டத் தயங்காதீர்கள். மருந்துகளை அட்டையோடு, சீட்டோடு வையுங்கள். பொடியாக எதையும் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோகாதீர்கள். அப்படியே கொண்டுபோனாலும் வெளிச்சம் இருக்கும்போதே கடந்துவிடுங்கள்.

பத்தியை அனுப்பியதும், வீட்டில் புழங்கும் பொருளுக்கு ஓர் உதாரணம் வேண்டும் என்று குழுவிலிருந்து கேட்டார்கள். இனியா தூங்கிய பிறகுதான் எனக்கு எழுத நேரம். உதாரணத்தை எழுதி, பெயர் வரும் இடத்தில் மட்டும் ஒரு கோடு போட்டு வைத்தேன். விடிந்ததும் நிரப்பி அனுப்பினேன். இந்தக் கட்டுரையிலும் அப்படித்தான்.