மாமாவின் காருக்கு நான் பார்த்த மில் வைத்தியம்

எழுபதுகளின் கடைசி. கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி, மட்டக்களப்புப் பட்டணத்தில் மனைவி வீட்டோடு போய் இருந்தேன். அதற்கு முன் பழுகாமத்தில் நெல்லுக் குத்தும் மில்லொன்றில் எஞ்சின் ஓட்டியவன் என்பதால், அந்த வீட்டில் தையல் மெசின் கரகரத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டுவிட்டு, "ம்ம்" என்பேன். பாதி மரியாதை அந்த "ம்ம்"முக்கே கிடைத்தது.

மனைவியின் தகப்பனார், என் மாமா, பென்சன் எடுத்த கையோடு ஒரு பழைய இத்தாலிக் கார் வாங்கியிருந்தார். தேற்றாத்தீவில் அவருடைய தங்கச்சி மகளுக்குக் கலியாணம். பெண்ணின் தாய்மாமன் இவர். தம்பிமார் பஸ்ஸில் வந்து இறங்க, தான் சொந்தக் காரில் போய் இறங்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

கலியாண நாள் காலை எல்லோரும் உடுத்து ஏறினோம். வளவு வாசல் தாண்டுமுன் "டப்" என்றொரு சத்தம். கார் நின்றது. எஞ்சினின் முகத்து மூடியைக் கழற்றிப் பார்த்தால், பல்லுப் பல்லாக இருந்த ரப்பர் பெல்ட் அறுந்து தொங்குகிறது.

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெல்ட் என்றால் எனக்குச் சொந்தக்காரன் மாதிரி. மில்லில் அது அறாத போகம் இல்லை. தைத்து, வழுக்காமல் இருக்கக் குங்கிலியம் பூசி, சில்லில் தள்ளிவிட்டால் பழையபடி நெல்லுக் குத்தும்.

"மாமா, இது பெல்ட்தான். எஞ்சினுக்கு ஒண்டும் இல்ல."

"மெய்யா மருமகன்?"

"நான் எத்தின பெல்ட் போட்டிருப்பன்."

"மெக்கானிக்கக் கூப்பிட்டா என்ன?" என்றாள் என் மனைவி.

"நீ பறையாம இரி புள்ள," என்று அவள் வாயை அடைத்தேன். அவ்வளவு துணிச்சல் அதற்குப் பிறகு எனக்கு வரவில்லை.

காரை விற்றவர் டிக்கியில் ஒரு புதுப் பெல்ட் போட்டுக் கொடுத்திருந்தார். சில்லுகளில் சின்னச் சின்னதாக ஏதோ அடையாளம் கொத்தியிருந்தது. கீறல் விழுந்திருக்கிறது என்று நினைத்து, நன்றாகத் துடைத்துவிட்டு பெல்டைப் போட்டு இறுக்கினேன். மாமா சாவியைத் திருப்பினார். உள்ளே யாரோ சுத்தியலால் சட்டி உடைக்கிற மாதிரிச் சத்தம் வந்தது. அதோடு விட்டிருக்கலாம். புதுப் பெல்ட் முதலில் முரண்டு பிடிக்கும் என்பது என் மில் ஞானம்.

"மறுகா ஒருக்கா நல்லா முறுக்குங்க மாமா," என்றேன். மறுபடியும் சாவியை முறுக்கினார்.

அடுத்த கிழமை எஞ்சினைத் திறந்த மெக்கானிக் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு பொம்புளையள் ஒரு உரலில மாறி மாறி இடிக்கிறதக் கண்டிருக்கிங்களா? ஒருத்திட கை பிந்தினா உலக்கையும் உலக்கையும் முட்டும். இஞ்ச வால்வும் பிஸ்டனும் முட்டியிரிக்கி. கை பிந்தாமப் பாக்கிறதுதான் இந்தப் பெல்ட்டுட வேல. சில்லில கொத்தியிரிக்கிற அடையாளங்களப் பொருத்திப்போட்டுத்தான் அதப் போடணும். அறுந்த நேரம் கொஞ்சம் வளைஞ்சிரிக்கும். மிச்சத்த நீங்க வளைச்சிரிக்கிங்க."

வளைந்த வால்வைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன அழகாகச் சொல்கிறார் மனுசன் என்று நான் ரசித்துக்கொண்டு நின்றேன். மாமா ரசிக்கவில்லை.

அது பிறகு நடந்தது. கலியாணத்தன்றைக்கு எங்களுக்குக் கல்முனை பஸ்தான் வாய்த்தது. மாமா கோட்டோடு மீன்கூடைகளுக்கு நடுவே ஏறினார். தம்பிமாரும் அதே பஸ்ஸில் இருந்தார்கள். எழும்பி அவருக்கு இடம் வேறு கொடுத்தார்கள். அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

"கார் எங்க அண்ணன்?"

"மருமகன் பாக்கிறார். பெரிய எஞ்சின்காரர்," என்றார் மாமா, யன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

தம்பிமார் அதை மெய்யென்று நம்பிப் பந்தல் முழுக்கச் சொல்லிவிட்டார்கள். சோற்றுக்கு இருந்தபோது ஒருவர் என்னிடம் வந்து குனிந்தார். "தம்பி, நம்மட தண்ணி இறைக்கிற மிசின ஒருக்காப் பாருங்களன்."

எனக்கு வெட்கம் வந்திருக்கவேண்டும். நானோ பாதிச் சோற்றில் எழும்பிவிட்டேன்.

மாமா இலையிலிருந்து தலை தூக்கவில்லை. "அதில பெல்ட் இரிக்கா எண்டு கேட்டுப்போட்டுப் போங்க மருமகன்," என்றார்.

கேட்டேன். இருந்ததாம். திரும்ப இலைக்கு முன்னால் இருந்துகொண்டேன்.