படத்தின் இடது, தலையின் வலது

செண்பகனூரில் நான் வேலை செய்யும் அறையில் ஒரு ஜன்னல், இரண்டு மேசைகள். ஒன்றில் என் கணினி இருக்கிறது. மற்றதில் இரண்டு வருடமாக யாரும் உட்காருவதில்லை.

அழிந்துபோன ஊர்வனவற்றின் மூளையையும் காதையும் ஆராய்வது என் தொழில். மூளை கல்லாவதில்லை, அது இருந்த குழி மட்டும் மண்டையோட்டுக்குள் மிஞ்சுகிறது. ஸ்கேன் எடுத்து, அந்தக் குழியின் விளிம்பைப் படம் படமாக வரைந்துகொண்டே போனால், மூளையின் வடிவமும் உட்காதின் வளையங்களும் திரையில் எழுந்து வரும்.

இந்த மலைப் பாறையில் எலும்பு கிடைக்காது. எங்களிடம் இருந்த மண்டையோடு கோதாவரிப் பக்கத்திலிருந்து வந்தது, உள்ளங்கையில் அடங்கும். அந்தப் பிராணிக்குக் காற்றில் வரும் சத்தம் கேட்டதா, தரையின் அதிர்வு மட்டும்தானா என்று சொல்லக்கூடியது குண்டூசி கனத்தில் ஒரு செவியெலும்பு. ஸ்கேனில் அது இடது காதில் தெரிந்தது. வலது காதில் இல்லை.

இடது காதை அடைத்திருந்த பாறையை ஊசியால் சுரண்டி எடுக்கும் வேலையை ஓர் அக்காவிடம் கொடுத்தேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய குடும்பம். பேத்துப்பாறையிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிட ஏழு வயது மூத்தவர். பூதக்கண்ணாடிக்குக் கீழே அவர் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

"உங்க பல்லி இன்னிக்கு ரொம்ப அடம் பிடிக்குது சார்" என்பார். மண்டையோட்டுக்கு அவர் வைத்த பெயர் அதுதான்.

பதினோராம் நாள் காது முழுவதும் சுத்தமானது. குழி காலியாக இருந்தது.

"எலும்பு எங்கக்கா?"

"அங்க ஒண்ணுமே இல்ல சார். மொதல்லருந்து வெறும் கல்லுத்தான்."

"ஸ்கேன்ல தெரியுதே. மிஷின் பொய் சொல்லுமா?"

அவர் திரையைப் பார்த்தார். கையிலிருந்த ஊசியைப் பார்த்தார். "அப்ப நாந்தான் தவற விட்டுட்டேன் போல" என்றார்.

நான் கத்தவில்லை. நாட்குறிப்பில் நேரம் போட்டு எழுதினேன்: "காலை 11.40. சுத்தம் செய்கையில் செவியெலும்பு தொலைந்தது." அவர் முதலில் சொன்னதை எழுதவில்லை. மண்டையோடு இருந்த பெட்டியின் அட்டையிலும் அதையே எழுதி, சுத்தம் செய்தவர் என்று அவர் பெயரைச் சேர்த்தேன். அதன்பிறகு பெட்டிகளைத் தூசி துடைக்கும் வேலையைத்தான் அவருக்குக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் வருவதை நிறுத்திக்கொண்டார். ஏன் என்று நான் போய்க் கேட்கவில்லை.

போன மாதம் மண்டையோட்டைக் கையில் வைத்துத் திரையோடு ஒப்பிட்டேன். உச்சியில் ஒரு விரிசல் உண்டு. கையில் அது வலப்பக்கம், திரையில் இடப்பக்கம். ஸ்கேன் எடுத்த நாளின் குறிப்பைத் தேடினேன். என் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: "மண்டையோடு நேராக நிற்கவில்லை. பல் மேலே இருக்கும்படி பஞ்சில் கிடத்தினோம்." பிறகு படத்தை நேராக்கும்போது, அதைச் சுற்றித் திருப்பாமல் மேல்கீழாகப் புரட்டியிருக்கிறேன். கண்ணாடியில் தெரிவதுபோல் இடமும் வலமும் மாறிவிட்டன. எலும்பு இருந்தது வலது காதில். அங்கே எவரும் ஊசி வைக்கவே இல்லை.

மறுநாள் வெள்ளனே பேத்துப்பாறை பஸ்ஸைப் பிடித்தேன்.

அக்கா வாசலில் காப்பிக்கொட்டையை உலர்த்திக்கொண்டிருந்தார். "வாங்க சார், தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு உள்ளே போனார். ஓர் ஊறுகாய் பாட்டிலோடு வந்தார். அதில் பாதிவரை சாம்பல் நிறத் தூள்.

"மேசையில, தரையில கெடந்த தூளெல்லாம் வழிச்சுக் கொண்டாந்தேன். தேத்தண்ணி வடியில போட்டு எத்தன தடவ சலிச்சேன் தெரியுமா? கண்ணு எரியும். அப்ப இது?"

"வெறும் கல்லுத்தூள்தாங்க்கா."

"அதத்தான சார் நான் அன்னிக்கே சொன்னேன்."

தூளைக் காப்பிச் செடியின் அடியில் கொட்டினார். பாட்டிலைக் கழுவி, சுவரின் மேல் கவிழ்த்து வைத்தார்.

"மத்தக் காது அப்படியேதான கெடக்கு?"

"ஆமாக்கா. நீங்க வந்து எடுத்துக் கொடுத்தா..."

"நீங்களே சுரண்டுங்க சார். தொலைஞ்சா யாரு தொலைச்சதுன்னு தெரியும்ல." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் வரவில்லை.

அட்டையை மாற்றிவிட்டேன். தவறு எது, யாருடையது என்று என் பெயர் போட்டு எழுதியிருக்கிறேன். நாட்குறிப்பில் 11.40-க்குக் கீழே, அன்று விட்டுவிட்ட அவருடைய வாக்கியத்தைச் சேர்த்தேன். இடம் போதாமல் ஓரத்தில் ஏறி நிற்கிறது.

நேற்று அவருடைய மேசையில் உட்கார்ந்து, வலது காதைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். ஊசியின் நுனி பாறைமேல் ஆடிக்கொண்டே இருந்தது. ஊசியை உறையில் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.