'சூ' சொல்லாத வீடு

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டி ரயிலடிக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் இரண்டு நாய்கள் இருந்தன. ஒன்று வீட்டுக்கார அம்மாவின் வெள்ளைச் சடைநாய். பூனையைவிடக் கொஞ்சம் பெரிது, எந்நேரமும் அவர் மடியில்தான் கிடக்கும். மற்றது எங்களிடம் வந்த ராஜபாளையம். நின்றால் என் இடுப்புக்கு வரும்.

என் வீட்டுக்காரர் பிட்டராக வேலை பார்த்த கம்பெனியின் கேட்டில் கட்டிக்கிடந்த நாய் அது. சோற்றில் மிளகாய்த்தூளைப் பிசைந்து வைத்தால் கோபம் ஏறும் என்று யாரோ சொல்ல, வாட்ச்மேன் அப்படியே வளர்த்தார். "சூ" என்றால் பாய வேண்டும். பாயாவிட்டால் தடியால் அடி. ஒருநாள் சொன்னபடியே பாய்ந்து, மூட்டை இறக்க வந்தவரின் தொடையைக் கடித்துவிட்டது. மருந்து வைத்துக் கொன்றுவிடச் சொன்னார்கள். இவருக்கு மனசு கேட்கவில்லை. அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டுக்கார அம்மா வாசலிலேயே மறித்தார்.

"இன்னாபா இது, கன்னுக்குட்டியாட்டம்? சாதி நாயி, கோவம் ரத்தத்துலயே ஊறிக்கினு இருக்கும். ஒரு கடி கடிச்சிதுன்னா நாயும் இருக்கக்கூடாது, நீங்களும் ஊட்ட காலி பண்ணிடணும்."

அவர் பேசும்போதே சடைநாய் அவர் கையிலிருந்து குதித்து இவருடைய கணுக்காலைக் கவ்வியது. அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இத்துனூண்டு இருந்துகினு இன்னா ரோஷம் பாரேன்" என்று அதற்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார்.

எங்கள் நாயோடு பிறந்த குட்டி ஒன்று எளாவூர் செக்போஸ்ட் டீக்கடையில் வளர்ந்தது. இவர் ஒருமுறை எனக்குக் காட்டினார். லாரிக்காரர்கள் தாண்டித் தாண்டிப் போக, பெஞ்சுக்கடியில் அது பாட்டுக்குத் தூங்கியது. புது ஆள் வந்தால் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது. அந்தக் காவல் புத்தி இரண்டுக்கும் பிறவியில் வந்ததுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். கடிக்கிற புத்தி கேட்டில் புகட்டியது.

ஆனால் எங்கள் பக்கத்தில் நாயை ஏவவும் 'சூ', கோழியை விரட்டவும் 'சூ'. வந்த மறுநாளே வாய்ப்பழக்கத்தில் ஒரு காக்காயைப் பார்த்துச் "சூ" என்றுவிட்டேன். நாய் எழுந்தது. முதுகு மயிர் சிலிர்த்து நின்றது. உடம்பெல்லாம் நடுங்க, யாரைக் கடிக்க வேண்டும் என்று கேட்பதுபோல என் முகத்தையே பார்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெருமாள் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு, இனி இந்த வீட்டில் யாரும் 'சூ' சொல்லக்கூடாது என்றேன்.

"காக்கா வந்தா இன்னாமா சொல்றது?" என்றாள் மகள்.

"கோவிந்தான்னு சொல்லு."

பூஜை முடிந்து நாய்க்குத் தயிர்சாதம் வைக்கும்போதும் அந்த நாமத்தைச் சொல்லியே வைத்தேன். வீட்டுக்கார அம்மா கேலி செய்தார். "இத்த நம்பிக்கினு இருந்தா நம்ம காலுதான் கோயிந்தா."

பங்குனி வெயிலில் ஒருநாள் அவர் முற்றத்தில் வடாம் காயவைத்திருந்தார். கோழிகள் இறங்கின. அவர் யோசிக்காமல் கையை வீசி, "சூ, சூ" என்றார்.

எங்கள் நாய் விருட்டென்று எழுந்து அவரை நோக்கிப் பாய்ந்தது. அவர் அலறிக்கொண்டு சடைநாயை வாரி எடுத்தார். என் வாயில் வந்தது ஒன்றுதான்.

"கோவிந்தா!"

அவரை எட்ட ஒரு முழம் இருக்கும்போது நாய் நின்றது. திரும்பிப் பார்த்தது. பிறகு மெல்ல என்னிடம் வந்து தட்டு எங்கே என்று தேடியது. அதே நேரம், மிரண்டுபோன சடைநாய் தன்னைத் தூக்கிய கையையே கடித்துவிட்டது. உள்ளங்கையில் ரத்தம்.

சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். "சின்னதுதானே, தெரியாம..." என்று ஆரம்பித்தவர், என் காலடியில் படுத்திருந்த பெரியதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"அதுக்கு இன்னாமா பண்ணே? இதுக்கும் சொல்லிக்குடேன்."

"மொதல்ல அது கடிச்சா நீங்க சிரிக்காதீங்க அக்கா."

"அது மூஞ்சப் பாத்தா சிரிப்பு வருதே, நான் இன்னா பண்ணுவேன்" என்று வலியோடு அப்போதும் சிரித்தார்.

வீட்டைக் காலி பண்ணச் சொல்லும் பேச்சு அதன்பிறகு எழவில்லை. சில நாள் கழித்து முற்றத்தில் மறுபடி கோழிகள் இறங்கின. "கோயிந்தா, கோயிந்தா" என்று அவர் விரட்டும் குரல் கேட்டது. கோழிகள் போயினவோ இல்லையோ, எங்கள் நாய் வாலை ஆட்டிக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றது. உள்ளே போய்க் கொஞ்சம் சோறு எடுத்துவந்து வைத்தார்.